‘டக்’ சத்தம் கேட்டதா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: மின்சார ஃபோர்க்லிஃப்ட் நகர மாட்டேன் என்கிறது. எல்லோருக்கும் தனித்தனியாக எழுத உட்கார்ந்தால் மற்ற பகுதிக்காரர்களுக்குப் பக்கம் மிஞ்சாது. ஒன்றோடு ஒன்று ஒட்டாத சில கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். முதல் பதில் ரொம்ப நீளம். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்கான பதிலில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

கேள்வி: வணக்கம் ஐயா. எங்கள் குடோனில் இருப்பது 48 வோல்ட், 2 டன் வண்டி. வாங்கி 9 வருடம் ஆகிறது. நேற்றுக் காலை சாவியைத் திருப்பினால் டிஸ்ப்ளே வருகிறது, ஹாரன் அடிக்கிறது, ஃபோர்க் ஏறி இறங்குகிறது. பெடலை மிதித்தால் மட்டும் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. வந்து பார்த்த மெக்கானிக் பத்தே நிமிடத்தில் ‘கண்ட்ரோலர் போய்விட்டது, புதுசு போடணும்’ என்கிறார். போடலாமா?

பதில்: பொறுங்கள். கண்ட்ரோலர் என்பது மோட்டாருக்கு எப்போது, எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்று முடிவு செய்கிற பெட்டி. பத்து நிமிடத்தில் கண்ட்ரோலருக்குச் சாவுச் சீட்டு எழுதுகிறவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: எந்த முனையில் மீட்டரை வைத்து அளந்தீர்கள், எவ்வளவு காட்டியது? பதில் வந்தால் மேலே பேசலாம். ‘அனுபவத்தில் சொல்கிறேன்’ என்றால் பணத்தை எடுத்து வைக்காதீர்கள். அந்த அனுபவம் எனக்கும் இருந்தது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

நீங்கள் எழுதிய இரண்டு வரியிலேயே பாதி வேலை முடிந்திருக்கிறது. ஃபோர்க்கைத் தூக்கும் பம்ப் மோட்டார் வேறு, சக்கரத்தைச் சுற்றும் டிராக்‌ஷன் மோட்டார் வேறு. இரண்டும் குடிப்பது ஒரே பேட்டரியிலிருந்து. ஃபோர்க் நல்ல வேகத்தில் ஏறுகிறது என்றால் பேட்டரி உயிரோடு இருக்கிறது, பேட்டரி பிளக் சரி, எமர்ஜென்சி சுவிட்ச் சரி, சாவி சரி. இரண்டு மோட்டாருக்கும் பொதுவாக ஒரே மெயின் காண்டாக்டர் (மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் பெரிய சுவிட்ச்) உள்ள வண்டி என்றால் அதுவும் சரி. தனித்தனிக் காண்டாக்டர் வைத்த வண்டிகளும் உண்டு. அதனால் முதலில் காதை உபயோகியுங்கள். பக்கத்தில் ஓடுகிற மின்விசிறி, ரேடியோ எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒருவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பட்டும். நீங்கள் பின்பக்கம் காதை வைத்துக் கேளுங்கள். ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். சில வண்டிகளில் சாவியைத் திருப்பியதுமே வரும், சிலவற்றில் திசை லீவரைத் தள்ளி பெடலைத் தொட்ட பிறகு வரும். அதுதான் காண்டாக்டர் மூடும் சத்தம். வந்தால் ஒரு வழி, வராவிட்டால் வேறு வழி; வராததைப் பற்றி இந்தப் பதிலின் கடைசியில் சொல்கிறேன்.

அந்த வழிகளில் இறங்குமுன் மூன்று வேலை. கைக்கடிகாரம், மோதிரம், செயின் எல்லாம் மேஜைக்குப் போகட்டும். 48 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது என்பார்கள். ஷாக் இங்கே விஷயமே இல்லை. அந்தப் பேட்டரியின் இரண்டு முனைக்கு நடுவே ஒரு இரும்பு விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். என் பெட்டியில் ஒரு 13 எம்எம் ஸ்பேனர் இருக்கிறது, நடுவில் எலி கடித்தது போல அரை வட்டம் காணாமல் போயிருக்கும். கை தவறி செல் இணைப்பின் மேல் விழுந்தது, கண் சிமிட்டுவதற்குள் அந்தத் துண்டு ஆவியாகிவிட்டது. அடுத்தது, பேட்டரி பிளக்கைக் கழற்றிய பிறகும் கண்ட்ரோலருக்குள் இருக்கும் கெபாசிட்டர்கள் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். கண்ட்ரோலரின் பாசிடிவ் நெகடிவ் முனைகளுக்குக் குறுக்கே ஒரு பல்பைப் பிடித்து இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். 48 வோல்ட்டுக்கு இரண்டு 24 வோல்ட் பல்புகளைத் தொடராகச் சேர்த்துக்கொள்ளலாம். கடைசியாக, டிரைவ் சக்கரங்கள் தரையைவிட்டு எழும்பும்படி ஜாக்கி கொடுத்து, வண்டியின் உடம்புக்கு அடியில் கெட்டியான மரக்கட்டை வைத்துவிட்டுத்தான் பெடல் சோதனை எல்லாம். ஜாக்கியை மட்டும் நம்பி விரலைக்கூட அடியில் நீட்டாதீர்கள்.

சரி. ‘டக்’ கேட்டது, வண்டி நகரவில்லை என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஆபரேட்டரை எழுப்பிவிட்டு எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து, நிதானமாக, வரிசையாகச் செய்யச் சொல்லுங்கள். சீட்டில் உட்கார வேண்டும். சாவியைத் திருப்ப வேண்டும். ஹேண்ட் பிரேக்கை எடுக்க வேண்டும். திசை லீவரைத் தள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் பெடல். இந்த வரிசை மாறினால் வண்டி நகராது, நகரவும் கூடாது. பெடலை மிதித்தபடி சாவியைத் திருப்புகிறவர், திசை லீவரை ‘முன்னே’ நிலையிலேயே விட்டுவிட்டுக் காலையில் சாவி போடுகிறவர் எத்தனையோ பேர். கண்ட்ரோலர் அதைப் பார்த்து, ‘உட்கார்ந்ததும் பாய்ந்துவிடுவேன் போலிருக்கிறதே’ என்று பூட்டிக்கொள்கிறது. லீவரை நடுவுக்குக் கொண்டுவந்து, காலை எடுத்து, மறுபடி ஆரம்பித்தால் எதுவுமே நடக்காதது போலப் போகும். அவசரத்தில் இருக்கிற ஷிஃப்டில் இந்த ‘ரிப்பேர்’தான் அதிகம். இதற்குப் போய் பில் போட எனக்கே வெட்கமாக இருக்கும்.

வரிசை சரி, இன்னும் நகரவில்லை என்றால் இப்போது அந்தக் கதை.

வேலைக்குச் சேர்ந்து நான்காவது வருடமோ ஐந்தாவது வருடமோ. ஒரு குடோனில் இரவு ஷிஃப்டில் மட்டும் வண்டி நிற்கிறது என்று அழைப்பு. பகலில் போய்ப் பார்த்தால் ஓடுகிறது. மூன்று முறை போனேன். மூன்றாவது முறை, மேலதிகாரி முன்னால் மானம் போகிறதே என்று கண்ட்ரோலர்தான் என்று சொல்லிவிட்டேன். புதுசு வந்தது, மாட்டினேன், அன்று இரவே நின்றது. நான்காவது முறை இரவிலேயே போய் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். பகல் ஆபரேட்டர் நல்ல கனமான மனிதர். இரவுக்காரர் ஒல்லி, போதாததற்குச் சீட்டின் முன் விளிம்பில் உட்கார்ந்து ஓட்டுகிற பழக்கம். சீட்டின் நுரை ஒரு பக்கம் அமுங்கிப் போயிருந்தது. அவர் எடைக்கு அடியிலிருந்த சுவிட்ச் முழுதாக அழுந்தவே இல்லை. சீட்டைத் தூக்கிப் பார்த்தால் இன்னொன்றும் இருந்தது: அந்தச் சுவிட்சுக்குப் போகும் ஒயரை சீட் கீல் வருடக் கணக்கில் மென்று, தோல் உரிந்து, செம்பு பச்சை நிறமாகியிருந்தது. சுவிட்ச் ஒரு கட்டைவிரல் அளவு. நான் மாற்றியது தலையணை அளவுப் பெட்டி. பழைய கண்ட்ரோலரைத் திரும்ப மாட்டிவிட்டு வந்தேன். புதுசு என்ன ஆயிற்று, யார் பணம் கட்டினார்கள் என்று கேட்காதீர்கள்.

ஆள் உட்காராவிட்டால் பழைய வண்டிகளில் சீட் சுவிட்ச் ஓட்டத்தை மட்டும்தான் தடுக்கும், ஃபோர்க் ஏறும். புதிய வண்டிகளில் பெரும்பாலும் இரண்டையும் தடுக்கும். உங்கள் வண்டி எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள ஒரு நொடி போதும்: ஆள் சீட்டில் இல்லாமல், தரையில் நின்று சாவி போட்டு லிஃப்ட் லீவரைத் தொட்டுப் பாருங்கள். ஃபோர்க் அசைந்தால் சீட் சுவிட்ச் இன்னும் சந்தேகப் பட்டியலில் இருக்கிறது. அசையாமல் இருந்து, உட்கார்ந்ததும் அசைந்தால் சீட் சுவிட்ச் வேலை செய்கிறது, அடுத்ததற்குப் போகலாம்.

அடுத்தது ஹேண்ட் பிரேக்கின் கீழே இருக்கும் சின்ன மைக்ரோ சுவிட்ச். லீவரை முழுதாகக் கீழே விட்ட பிறகும் இந்தச் சுவிட்சின் நாக்கு விடுபடாமல் ஒட்டிக்கொண்டிருந்தால், பிரேக் போட்டிருப்பதாகவே கண்ட்ரோலர் நினைக்கும். தூசியும் கிரீஸும் சேர்ந்து அல்வா போலாகி நாக்கைப் பிடித்துக்கொள்ளும். துடைத்தால் போதும்.

அப்புறம் பெடல். தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். பாலட்டிலிருந்து (சரக்கு அடுக்கும் மரத் தட்டு) உடைந்த மரச்சிம்பு ஒன்று பெடலுக்கு அடியில் கிடந்து, பெடல் ஒரு நூலிழை இறங்கினபடியே நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. கண்ட்ரோலருக்குத் தெரியும். அது பெடல் மிதிபட்டிருப்பதாகவே எடுத்துக்கொண்டு, மேலே சொன்ன அதே பூட்டைப் போட்டுக்கொள்ளும். சிம்பு இல்லையென்றால் பெடலுக்குள் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரை, அதாவது பெடல் எவ்வளவு இறங்கியது என்று சொல்கிற மாறும் ரெசிஸ்டரை, அளக்க வேண்டும். பல வண்டிகளில் இது 5 கிலோ ஓம் ரகம், அல்லது 0 முதல் 5 வோல்ட் வரை சிக்னல் தருகிற சென்சார். எந்த ரகமானாலும் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பெடலை ஆமை வேகத்தில் அழுத்தும்போது மீட்டரில் எண் சீராக ஏற வேண்டும். நடுவில் சட்டென்று பூஜ்யத்துக்குப் போய்த் திரும்பினால் உள்ளே தடம் தேய்ந்திருக்கிறது. இந்த வேலைக்கு முள் மீட்டர் நல்லது. டிஜிட்டல் மீட்டர் எண்ணை மாற்றி முடிப்பதற்குள் அந்தத் துள்ளல் போய்விடும். என் பழைய முள் மீட்டரை நான் தூக்கிப் போடாததற்கு இது ஒன்றுதான் காரணம்.

இவ்வளவையும் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும் என்றுகூட இல்லை. 9 வருட வண்டி என்றால் டிஸ்ப்ளேயிலோ, மெக்கானிக்கிடம் இருக்கும் கையடக்கக் கருவியிலோ ஒரு சோதனைப் பக்கம் இருக்கும். சீட், பிரேக், முன், பின், பெடல் என்று ஒவ்வொரு சுவிட்சும் ‘ஆன்’, ‘ஆஃப்’ என்று அதில் வரும். அதைப் பார்த்தபடி ஒவ்வொன்றாக அசைத்தால் எது பேசவில்லை என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். பிழைக் குறியீடு வந்திருந்தால் பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்பே எழுதி வையுங்கள். கழற்றினால் சில வண்டிகளில் அது அழிந்துவிடும். குறியீட்டின் அர்த்தம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வண்டியோடு வந்த புத்தகத்தைத்தான் பார்க்க வேண்டும். புத்தகத்தில் ‘ஆக்ஸிலரேட்டர் கோளாறு’ என்று இருந்தால் உடனே ஆக்ஸிலரேட்டரை வாங்கிவிடாதீர்கள். அங்கிருந்து வரும் சிக்னல் சரியில்லை என்பதுதான் அந்தக் குறியீட்டுக்குத் தெரியும். காரணம் பெடலாக இருக்கலாம், ஒயராக இருக்கலாம், கனெக்டரில் உள்ளே பின்வாங்கிய ஒரே ஒரு ஊசி முனையாகவும் (‘பின்’) இருக்கலாம்.

கண்ட்ரோலர் கெடவே கெடாது என்றும் நான் சொல்லவில்லை. கெட்டிருந்தால் அதைக் காட்டும் அளவு ஒன்று உண்டு, உங்கள் மெக்கானிக்கிடம் அதைக் கேளுங்கள். பேட்டரி பிளக்கைக் கழற்றி, கெபாசிட்டரை இறக்கி, மோட்டாருக்குப் போகும் மூன்று தடி கேபிள்களையும் கண்ட்ரோலரிலிருந்து பிரிக்க வேண்டும். மீட்டரை டயோடு நிலையில் வைத்து, மூன்று முனைகளையும் ஒவ்வொன்றாகப் பாசிடிவுக்கும் நெகடிவுக்கும் அளக்க வேண்டும். மூன்றும் ஒரே மாதிரி காட்ட வேண்டும். ஒன்று மட்டும் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் உள்ளே மாஸ்ஃபெட் (மோட்டாருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் மின்னணுச் சுவிட்ச்) ஷார்ட் ஆகிவிட்டது, அப்போது நானும் அவர் பக்கம். அந்த நிலையில் பெரும்பாலும் ‘டக்’ சத்தமே வராது. ஏனென்றால் காண்டாக்டரை மூடுவதற்கு முன் கண்ட்ரோலர் தன் கெபாசிட்டர்களை ஒரு ரெசிஸ்டர் வழியாக மெதுவாக நிரப்பிப் பார்க்கும். உள்ளே ஷார்ட் இருந்தால் நிரம்பாது, காண்டாக்டரும் மூடாது.

கேள்வி: காலையில் நன்றாக ஓடுகிறது. மதியம் ஆனால் லோடோடு சரிவில் ஏறும்போது நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி போகிறது. நின்றவுடன் பேட்டரியை அளந்தால் 49 வோல்ட் காட்டுகிறது. பேட்டரி சரிதானே?

பதில்: நின்ற பிறகு அளந்தால் எல்லாப் பேட்டரியும் நல்ல பிள்ளைதான். அளக்க வேண்டியது அது வேலை செய்யும்போது.

உங்கள் 48 வோல்ட் பேட்டரி என்பது 24 செல்கள், ஒவ்வொன்றும் 2 வோல்ட். 23 செல் நன்றாக இருந்து ஒன்று மட்டும் படுத்துவிட்டால், சும்மா இருக்கும்போது மொத்தத்தில் ஒன்றும் தெரியாது. லோடு விழுந்ததும் அந்த ஒரு செல் சரியும். மொத்த வோல்டேஜ் கண்ட்ரோலரின் கீழ் வரம்புக்கு இறங்கியதும் அது ஓட்டத்தை வெட்டிவிடும். லோடு போனதும் வோல்டேஜ் எழுந்துவிடும். நீங்கள் மீட்டரோடு வருவதற்குள் 49.

வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, மாஸ்ட்டை (ஃபோர்க் ஏறி இறங்கும் நிமிர்ந்த சட்டம்) சாய்க்கும் டில்ட் லீவரைக் கடைசிவரை இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். மாஸ்ட் முட்டி நிற்க, பம்ப் மோட்டார் முழு லோடில் முக்கும். ஐந்து விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள், எண்ணெய் கொதிக்கும். அந்த ஐந்து விநாடிக்குள் ஒரு செல்லை அளந்து, விட்டு, அடுத்த செல். பொறுமை வேண்டும், 24 முறை. மற்றவை 1.9, 1.95 என்று சொல்லிக்கொண்டு வரும்போது ஒன்று மட்டும் 1.2 என்று சொல்லும். ரொம்பக் கெட்டது என்றால் எண்ணுக்கு முன்னால் மைனஸ் குறியே வரும், அதாவது மற்ற செல்கள் அதைத் தலைகீழாகச் சார்ஜ் செய்துகொண்டிருக்கின்றன. ஹைட்ரோமீட்டர் (அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) இருந்தால் அதே செல்லில் விட்டுப் பாருங்கள். நன்றாகச் சார்ஜ் ஏறியது 1.280 அருகில் நிற்கும், இறங்கியது 1.140 பக்கம். எல்லாம் 1.270 இருக்க ஒன்று மட்டும் 1.180 என்றால் ஆள் சிக்கிவிட்டான். ஒரு செல்லை மட்டும் மாற்ற முடியும், மொத்தப் பேட்டரியையும் தலைமுழுக வேண்டியதில்லை. ஆனால் பேட்டரிக்கு வயதாகிவிட்டிருந்தால் இன்று ஒன்று, அடுத்த மாதம் இன்னொன்று என்று வரிசையாக வரும். அதை யோசித்துச் செய்யுங்கள்.

எல்லாச் செல்லும் ஒற்றுமையாகக் குறைவாக இருந்தால் பிரச்சினை சார்ஜரில், அல்லது இடைவேளைகளில் அரைகுறையாகச் செருகி எடுக்கிற பழக்கத்தில். தண்ணீர் குறைந்து தகடுகள் வெளியே தெரிந்தாலும் இதே கதைதான். டிஸ்டில்ட் வாட்டரைச் சார்ஜ் முடிந்த பிறகு ஊற்றுங்கள். முன்னால் நிரப்பினால் சார்ஜ் ஆகும்போது பொங்கி வழியும். தகடு காய்ந்திருந்தால் மட்டும் முதலில் தகடு மூழ்கும் அளவுக்குக் கொஞ்சம். சார்ஜ் ஆகும் இடத்தில் காற்றோட்டம் இருக்கட்டும். வெளியேறும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும்.

இன்னொன்று. செல்கள் எல்லாம் நன்றாக இருந்து மதியம் மட்டும் நின்றால், கண்ட்ரோலர் சூடாகித் தன்னைக் காத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். பின்பக்க மூடியைத் திறந்து குளிர்விக்கும் விசிறி சுற்றுகிறதா என்று பார்த்தால் போதும். ஒருமுறை விசிறியே தெரியாத அளவுக்குப் பாலட் சுற்றும் பிளாஸ்டிக் தாள் உள்ளே இழுபட்டு, கூடு கட்டியிருந்தது. அதன் மிச்சம் முன் அச்சிலும் சுற்றி, கயிறு போல முறுகி சீலைக் கடித்துக்கொண்டிருந்தது.

கேள்வி: முன்னால் போகிறது. பின்னால் வரவே மாட்டேன் என்கிறது. பழைய வண்டி, கார்பன் பிரஷ் மோட்டார்.

பதில்: அப்படியென்றால் பேட்டரி, பெடல், சீட், மோட்டார் எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள், முன்னால் போவதற்கும் அவையெல்லாம் வேண்டுமே. உங்கள் வண்டியில் முன்னே, பின்னே என்று இரண்டு காண்டாக்டர்கள் ஜோடியாக இருக்கும். சக்கரத்தைத் தூக்கி வைத்துவிட்டு, பேட்டரியைக் கழற்றி, அவற்றின் காயிலுக்கு (காண்டாக்டரை இழுத்து மூடும் கம்பிச் சுருள்) போகும் மெல்லிய ஒயர்களை ஒன்றுக்கொன்று மாற்றி மாட்டுங்கள். பிறகு லீவரை ‘பின்னே’ தள்ளி மிதியுங்கள். இப்போதும் சக்கரம் சுற்றாவிட்டால் லீவர் சுவிட்சிலிருந்து காயில் வரைக்குமான வழியில் கோளாறு. சுற்றிவிட்டு, ‘முன்னே’ தள்ளும்போது முரண்டு பிடித்தால் பின்னே காண்டாக்டர்தான் கெட்டது: காயில் வெந்திருக்கும், அல்லது முனைகள் கருகிப் பள்ளம் விழுந்திருக்கும். முனைகளை அரம் போட்டுத் தேய்க்காதீர்கள், மாற்றுங்கள். ஒயர்களைத் திரும்பச் சரியாக மாட்டிவிட்டுத்தான் சக்கரத்தை இறக்க வேண்டும். மறந்தால் முன்னே என்று தள்ளியவர் பின்னே போவார்.

கேள்வி: எங்களிடம் இருப்பது கைப்பிடியைப் பிடித்து நடந்தே ஓட்டுகிற பாலட் டிரக். திரும்பும்போது திடீர் திடீரென்று நின்று, உதறிக்கொண்டு போகிறது.

பதில்: கைப்பிடிக் கம்பு நேராக நின்றாலும் பிரேக், முழுதாகத் தரைப்பக்கம் சாய்ந்தாலும் பிரேக். நடுவில் ஒரு வளைவில்தான் ஓடும். அந்த இரண்டு எல்லையையும் காட்டிக்கொடுக்கும் சுவிட்ச் கம்பின் அடியில் இருக்கிறது. அதைவிட என் சந்தேகம் ஒயர் மேல். கம்பு நாள் முழுவதும் மேலும் கீழும், இடமும் வலமும் மடங்குகிறது, கூடவே ஒயரும். மேல்தோல் புதுசு போல இருக்கும், உள்ளே செம்பு அறுந்து முனைகள் தொட்டும் தொடாமலும் இருக்கும். சக்கரத்தைத் தூக்கி வைத்து, பொத்தானை ஒரே நிலையில் பிடித்தபடி, வேறொருவர் அந்த ஒயர்க் கற்றையைக் கையால் மெல்ல வளைத்துப் பார்க்கட்டும். எந்த இடத்தில் வளைக்கும்போது சக்கரம் விக்குகிறதோ அந்த இடம்தான். நடுவில் ஒட்டுப் போடாதீர்கள், ஒட்டு போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்து அறும். முழு ஒயரையும் மாற்றுங்கள். கைப்பிடி நுனியில் வயிற்றில் பட்டால் வண்டியைப் பின்னுக்குத் தள்ளும் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டே, அது உள்ளே சிக்கி நிற்கவில்லையா என்றும் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

கேள்வி: வண்டியைப் பளபளவென்று பிரஷர் தண்ணீரில் கழுவினோம். அன்றிலிருந்து தினம் ஒரு பிழைக் குறியீடு, தினம் ஒரு இடத்தில் நிற்கிறது.

பதில்: ஆசையாகக் கழுவியிருக்கிறீர்கள், திட்ட மனம் வரவில்லை. இனி ஈரத் துணியும் காற்றுக் குழாயும் போதும்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காற்றடித்துக் காய வையுங்கள். பிரிக்கும்போதே ஒவ்வொரு பின்னிலும் பச்சைப் பொடி இருக்கிறதா என்று பாருங்கள். ஏசி (மாறுதிசை மின்சார) மோட்டார் வண்டி என்றால் மோட்டாரின் பின்பக்கத்திலிருந்து வருகிற மெல்லிய ஒயர், அதாவது சுற்றும் வேகத்தைச் சொல்கிற சென்சாரின் கனெக்டரை மறக்காதீர்கள். அதன் இரண்டு சிக்னலில் ஒன்று போனாலும் வண்டி ஊர்ந்து ஊர்ந்து, இடித்து இடித்துப் போகும். பார்ப்பவர் மோட்டாரே எரிந்துவிட்டது என்பார்.

பேட்டரி மேலேயும் தண்ணீர் அடித்திருப்பீர்கள். செல் மேல் படிந்திருந்த அமிலப் படலம் கரைந்து பெட்டிக்குள் வடிந்திருக்கும். இந்த வண்டிகளில் பேட்டரியின் எந்த முனையும் வண்டியின் உடம்போடு சேரக் கூடாது. அமிலம் வழி போட்டுக் கொடுத்தால் மின்சாரம் உடம்புக்குக் கசியும், கண்ட்ரோலருக்குப் பேய் பிடித்தது போல ஒவ்வொரு நாளும் ஒரு குறியீடு வரும். மீட்டரின் ஒரு முனையைப் பெயின்ட் சுரண்டிய உடம்பில் வைத்து, மறுமுனையைப் பாசிடிவிலும் பிறகு நெகடிவிலும் தொடுங்கள். நிலையாகப் பல வோல்ட் காட்டினால் கசிவு இருக்கிறது. மூடிகளை எல்லாம் இறுக்கிவிட்டு, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் பேட்டரியின் மேல்பக்கத்தைத் துடையுங்கள். நுரைப்பது நிற்கும்வரை. பிறகு நல்ல தண்ணீர்த் துணி, பிறகு காய்ந்த துணி. சோடாத் தண்ணீர் ஒரு சொட்டும் செல்லுக்குள் இறங்கக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சீட் சுவிட்ச் அடிக்கடி தொல்லை தருகிறது. இரண்டு ஒயரையும் முறுக்கி ஒன்றாகச் சேர்த்துவிட்டால் என்ன?

பதில்: வண்டி ஓடும். நானே சோதனைக்காக அப்படிச் சேர்த்திருக்கிறேன். ஒருநாள் மாலை, சோதனை முடிந்தது, சேர்த்த ஒயரை எடுக்க மறந்துவிட்டேன். ஆபரேட்டர் பாலட்டில் சரிந்த பெட்டியை நிமிர்த்தக் கீழே இறங்கினார். லீவர் முன்னே நிலையில். பிரேக் போடவில்லை. மேலே ஏற வசதியாக இருக்கட்டும் என்று பெடல் பக்கம் கையை ஊன்றினார். வண்டி கிளம்பியது. எதிரே இருந்தது அட்டைப் பெட்டிகளின் அடுக்கு, ஆள் இல்லை. அந்த அடுக்கு சரிந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு சோதனைக்கு நான் வைத்திருக்கும் ஒயர் ஒரு முழ நீளம், பளிச்சென்ற மஞ்சள் நிறம், நுனியில் சிவப்புத் துணி கட்டியது. சீட்டை மூடினாலும் வெளியே தொங்கும்.

உங்கள் சுவிட்ச் அடிக்கடி கெடுகிறது என்றால் சீட் நுரை தளர்ந்திருக்கும், அல்லது ஒயர் எங்காவது கடிபடுகிறது. சுவிட்சை மாற்றும்போது அந்த இரண்டையும் சேர்த்துச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: அவசரக் கேள்வி ஐயா. வண்டி இரண்டு ரேக்குகளுக்கு நடுவில் நின்றுவிட்டது, வழி முழுக்க அடைப்பு. சக்கரம் பூட்டியிருக்கிறது. எப்படி வெளியே எடுப்பது?

பதில்: பூட்டியிருப்பது பிரேக்தான். மின்காந்த பிரேக் உள்ள வண்டியில் மின்சாரம் வந்தால்தான் பிரேக் விடும், போனால் ஸ்பிரிங் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் தள்ளினாலும் அசையவில்லை. முதலில் லோடு இருந்தால் இறக்குங்கள். பேட்டரி பிளக்கைக் கழற்றுங்கள். சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள், பிரேக்கை விட்ட பிறகு சரிவில் அது உங்களைக் கேட்காமல் போகும். பிறகு டிரைவ் மோட்டாரின் தலையில் இருக்கும் பிரேக்கைப் பாருங்கள். சிலவற்றில் கையால் விடுவிக்கும் சின்ன நெம்புகோல் இருக்கும். மற்றவற்றில் பிரேக் தட்டில் மரை போட்ட துளைகள் இருக்கும். அவற்றில் போல்ட்டுகளைச் சமமாக, மாற்றி மாற்றி முடுக்கினால் தட்டு விலகி பிரேக் விடும். போல்ட் அளவு புத்தகத்தில் இருக்கும்.

கயிற்றை வண்டியின் பின்பக்க இழுவைப் பின்னில்தான் மாட்ட வேண்டும். மாஸ்ட்டிலோ, மேல் கூரைக் கம்பியிலோ மாட்டாதீர்கள். இழுக்கிற வண்டி இதைவிடக் கனமாக இருக்கட்டும். நடை வேகத்துக்கு மேல் வேண்டாம், ஸ்டியரிங்கில் ஒருவர் இருக்க வேண்டும், பவர் இல்லாததால் கனமாகத் திரும்பும். வெளியே வந்ததும் கட்டையைத் திரும்ப வையுங்கள், பிறகு முடுக்கிய போல்ட்டுகளைக் கழற்றி எடுத்துவிடுங்கள். அவை உள்ளேயே இருந்தால் நாளை வண்டி சரியாகி ஓடும், நிற்காது.